காற்றாலை மின்சாரத்தின் சுற்றுச்சூழல் பாதிப்பை எப்படி எடைபோடுவது?

கேள்வி
எழுதியவர்: தேடல்

அனைவருக்கும் வணக்கம். காற்றிலிருந்து மின்சாரம் எடுப்பதைப் பற்றி எங்கே பேச்சு எழுந்தாலும் அது உடனே இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறது. புகையில்லை, சாம்பலில்லை, ஆகவே பாதிப்பே இல்லை என்று ஒரு தரப்பினர் முடித்துவிடுகிறார்கள். பறவைகள் அடிபட்டுச் சாகின்றன, சுற்றியுள்ள நிலம் சூடாகிறது, மக்காத இறக்கைகளை மண்ணில் புதைக்கிறார்கள் என்று மறுதரப்பினர் அடுக்குகிறார்கள். இருவர் சொல்வதையும் கேட்டுவிட்டு ஒன்றும் தெளியாமல் திரும்புவதே என் வழக்கமாகிவிட்டது.

சென்ற மாதம் இயங்கிக்கொண்டிருந்த காற்றாலை ஒன்றின் அருகே அரை மணி நேரம் நின்றிருந்தேன். அண்ணாந்து பார்த்தபோது இறக்கைகள் நிதானமாகச் சுற்றுவதுபோலத்தான் தெரிந்தது. ஆனால் ஒவ்வோர் இறக்கையும் கோபுரத்தைக் கடந்து இறங்கும்போது காற்றைக் கிழிக்கும் ஓசை கேட்டது. அதன் நிழல் என் காலடிப் புல்லின்மீது ஓடி மறைந்தது. ஒருமுறை அந்த நிழல் கடந்தபோது புல்லுக்குள் இருந்த சிறு பறவை ஒன்று திடுக்கிட்டு எழுந்து பறந்தது. அந்தப் பறவைக்கு நேர்ந்ததை எந்தக் கணக்கில் எழுதுவார்கள் என்ற எண்ணம் அன்று முதல் என்னை விடவில்லை.

இந்தப் பாதிப்புகளில் உண்மையிலேயே பெரியவை எவை, தவிர்க்கக்கூடியவை எவை, நிலக்கரியோடு ஒப்பிட்டால் அவை எந்த அளவில் நிற்கின்றன என்பதை விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


மறுமொழி 1
எழுதியவர்: காற்றுவழி

நல்ல கேள்வி, நண்பரே. கரிமக் கணக்கிலிருந்து தொடங்குகிறேன். ஏனெனில் இதில் ஐயத்துக்கு இடம் குறைவு. ஒரு காற்றாலைக்கான எஃகை உருக்குவது, சிமென்ட் தயாரிப்பது, பாகங்களை ஏற்றிச் செல்வது, ஆயுள் முடிந்தபின் பிரித்தெடுப்பது ஆகிய அனைத்தையும் சேர்த்து, அது வாழ்நாள் முழுவதும் தரும் மின்சாரத்தால் வகுத்துப் பார்ப்பார்கள். காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுக் குழு 2014இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, ஒரு யூனிட் மின்சாரத்துக்கு நிலக்கரி ஏறத்தாழ 820 கிராம் கரியமில வாயுவுக்கு ஈடான வாயுக்களை வெளியிடுகிறது. இயற்கை எரிவாயு 490 கிராம். நிலத்திலுள்ள காற்றாலை 11 கிராம். கடலிலுள்ள காற்றாலை 12 கிராம். இவை நடு மதிப்புகள். இடத்துக்கு இடம் கூடும், குறையும். ஆயினும் நிலக்கரிக்கும் நிலக் காற்றாலைக்கும் இடையே எழுபது மடங்குக்கு மேற்பட்ட இந்த இடைவெளியை எந்த இட வேறுபாடும் எளிதில் அழித்துவிடாது. தன்னை உருவாக்கச் செலவான ஆற்றலைக் காற்றாலை பெரும்பாலும் ஓராண்டுக்குள் திருப்பித் தந்துவிடுகிறது. அதன்பின் இருபது ஆண்டுகளுக்குமேல் உழைக்கிறது.

பேச்சில் அதிகம் அடிபடாத இன்னொரு நன்மை தண்ணீர். அனல்மின் நிலையம் நீராவியைக் குளிர்விக்க ஓயாமல் தண்ணீரைக் குடிக்கிறது. காற்றாலைக்கு அந்தத் தேவையே இல்லை.

நிலத்தைப் பொறுத்தவரை இரண்டு கணக்குகள் உள்ளன. அவற்றைக் குழப்பிக்கொள்வதால்தான் பாதிச் சண்டை நடக்கிறது. ஒரு காற்றாலையைக் கடந்த காற்று வேகம் குன்றிச் சுழலோடு வருவதால், அடுத்த காற்றாலையை இறக்கை வட்டத்தின் விட்டத்தைப்போல் ஐந்து முதல் பத்து மடங்கு தள்ளி நிறுத்துகிறார்கள். அதனால் பண்ணையின் எல்லை பரந்து கிடக்கிறது. ஆனால் அடித்தளம், பாதை, துணை மின்நிலையம் ஆகியவை உண்மையில் விழுங்கும் நிலம் அந்தப் பரப்பில் சில விழுக்காடுதான். மீதியில் உழவும் மேய்ச்சலும் தொடரலாம். இது சமவெளி விளைநிலத்துக்குப் பொருந்தும் வாதம். காட்டிலும் மலை முகட்டிலும் இதே வாதத்தைச் சொல்வது நேர்மையாகாது. அங்கே மிக நீளமான இறக்கையை ஏற்றிவரும் வண்டிக்காக அகலப் பாதை வெட்ட வேண்டும். அந்தப் பாதை காட்டைத் துண்டாடுகிறது, சரிவின் நீரோட்டத்தைத் திருப்புகிறது, முன்பு நுழைய முடியாத இடத்துக்கு மனிதர்களைக் கொண்டுவந்து சேர்க்கிறது.

இடத்தைத் தவறாகத் தேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு அயர்லாந்தின் டெர்ரிபிரையன் மலையைச் சொல்வேன். அங்கிருந்தது பீட் எனப்படும் நிலம்: செடிகொடிகள் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் நீரில் ஊறி, முழுதும் மக்காமல் அடுக்கடுக்காகப் படிந்த கரிய சேறு. கால் வைத்தால் மெத்தைபோல் அமுங்கும் அந்த மண் தன்னுள் பெருமளவு கரிமத்தைப் பூட்டி வைத்திருக்கிறது. 2003 அக்டோபரில் காற்றாலைக் கட்டுமானம் நடந்துகொண்டிருந்தபோது அந்தப் பீட் சரிந்து மலையிலிருந்து வழிந்து ஆற்றில் கலந்தது. மீன்கள் ஆயிரக்கணக்கில் செத்து மிதந்தன. சுற்றுச்சூழல் மதிப்பீடு முறையாகச் செய்யப்படவில்லை என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2008இல் தீர்ப்பளித்தது. அதன்பின்னும் குறை களையப்படாததால் 2019இல் அயர்லாந்துக்கு 50 லட்சம் யூரோ தண்டம் விதித்தது. இறுதியில் 2022இல் அந்தக் காற்றாலைகளை மூடிவிட முடிவாயிற்று. பீட் நிலத்தைத் தோண்டி வடித்துவிட்டால் அதில் பூட்டியிருந்த கரிமம் காற்றுபட்டு வெளியேறத் தொடங்கும். அப்படிப்பட்ட இடத்தில் நான் மேலே சொன்ன 11 கிராம் கணக்கு செல்லாது. இதே காற்றாலைகளை வேறு மண்ணில் நிறுத்தியிருந்தால் இந்த வரலாறே நிகழ்ந்திருக்காது.


மறுமொழி 2
எழுதியவர்: மாலைச்சிறகு

பறவைகள், வௌவால்கள் பற்றி மட்டும் எழுதுகிறேன். காற்றாலைகளின் அடியில் இறந்த உயிர்களைத் தேடி எண்ணும் வேலையை நான் இரண்டு பருவங்கள் செய்திருக்கிறேன்.

பொழுது புலரும்போதே தொடங்கிவிட வேண்டும். தாமதித்தால் நரியும் காக்கையும் நமக்கு முன்னால் வந்து எடுத்துச் சென்றுவிடும். கோபுரத்தைச் சுற்றிச் சில மீட்டர் இடைவெளியில் கோடு பிரித்து, தலையைக் குனிந்தபடி நடப்போம். வெட்டவெளியில் பெரிய பறவை எளிதில் கண்ணில் படும், வௌவால் படாது. அது காய்ந்த இலைபோல மடங்கிக் கிடக்கும். கையில் எடுத்தால் எடையே இருக்காது. சிலவற்றில் வெளிக்காயம் எதுவும் தெரியாது. முகத்தில் மென்முடி அப்படியே இருக்கும், கண் மட்டும் வறண்டிருக்கும். கண்ணில் பட்டதை மட்டும் எண்ணினால் உண்மையான எண்ணிக்கை கிடைக்காது என்பதால், நமக்குத் தெரியாமல் ஒருவர் முன்கூட்டியே சில உடல்களைப் போட்டு வைப்பார். அவற்றில் எத்தனையைக் கண்டுபிடிக்கிறோம், எத்தனை விலங்குகளால் மறைந்துபோகின்றன என்று பார்த்து, அந்த விகிதத்தைக் கொண்டு கணக்கைத் திருத்துவார்கள். பயிற்சி பெற்ற நாய்கள் மனிதரைவிடப் பன்மடங்கு நன்றாகக் கண்டுபிடிக்கின்றன. ஆகவே ‘எங்கள் பண்ணையில் ஆண்டுக்கு மூன்று பறவைகள்தான் இறந்தன’ என்று யாராவது சொன்னால், எத்தனை நாளுக்கு ஒருமுறை தேடினீர்கள், திருத்தம் செய்தீர்களா என்று முதலில் கேளுங்கள்.

மொத்த எண்ணிக்கையை வைத்துக் காற்றாலைக்காக வாதாடுபவர்கள் ஓர் ஒப்பீட்டைச் சொல்வார்கள். அமெரிக்காவில் 2013இல் வெளியான மதிப்பீடுகளின்படி காற்றாலைகளில் ஆண்டுக்கு 1,40,000 முதல் 3,28,000 பறவைகள் வரை இறக்கின்றன; பூனைகள் கொல்வதோ 130 கோடி முதல் 400 கோடி வரை. எண்கள் மெய்யானவை, ஆனால் அவற்றிலிருந்து எடுக்கும் முடிவு பிழையானது. பூனை பிடிப்பது பெரும்பாலும் விரைவாகப் பெருகும் சிறு பறவைகளை. காற்றாலையில் சிக்குபவற்றுள் கழுகும், பிணந்தின்னிக் கழுகு எனப்படும் பாறும் உண்டு. பொன்கழுகு இனப்பெருக்க வயதை அடைய ஐந்து ஆண்டுகள் ஆகும், ஒரு பருவத்துக்கு ஒன்றிரண்டு குஞ்சுகளை வளர்த்தெடுத்தாலே பெரிது. அப்படிப்பட்ட இனத்தில் முதிர்ந்த பறவை ஒன்றை இழப்பதும் ஆயிரம் சிட்டுகளில் ஒன்றை இழப்பதும் ஒன்றாகாது.

கலிபோர்னியாவின் ஆல்டமான்ட் கணவாய் இதற்குப் பழைய பாடம். 1980களில் அங்கே ஆயிரக்கணக்கான சிறிய காற்றாலைகளை நெருக்கி நட்டார்கள். அந்தப் புல்வெளிக் குன்றுகளில் தரை அணில்கள் மிகுதி. அணிலைத் தேடிப் பொன்கழுகுகள் தாழப் பறந்து வருவது வழக்கம். இரையின்மீது பார்வையை ஊன்றித் தலைகுனிந்து பறக்கும் கழுகுக்கு முன்னால் இருக்கும் இறக்கை தெரிவதில்லை. ஆண்டுதோறும் பல பத்துக் கழுகுகள் மடிந்தன. பிற்பாடு பழைய காற்றாலைகளை அகற்றிவிட்டு எண்ணிக்கையில் குறைந்த, உயரமான புதியவற்றை நிறுத்தினார்கள். சேதம் குறைந்தது, முற்றிலும் நிற்கவில்லை.

ஏன் ஒதுங்கிப் பறப்பதில்லை என்று பலர் கேட்பார்கள். தேடல் அவர்கள் நிதானமாகச் சுற்றுகிறது என்று எழுதிய அந்த இறக்கையின் நுனி மணிக்கு 300 கிலோமீட்டர் அளவுக்கு வேகமெடுக்கக்கூடியது. அருகில் வரும் கண்ணுக்கு அது உருத்தெளியாமல் கலங்கி மறைந்துவிடுகிறது. நார்வேயின் ஸ்மோலா தீவில் வெண்வால் கழுகுகள் இறந்துகொண்டிருந்தபோது, 2013இல் நான்கு காற்றாலைகளில் மூன்று இறக்கைகளுள் ஒன்றுக்கு மட்டும் கறுப்பு வண்ணம் பூசிப் பார்த்தார்கள். பூசாத அண்டைக் காற்றாலைகளோடு ஒப்பிட்டபோது இறப்பு 70 விழுக்காட்டுக்குமேல் குறைந்திருந்தது. நான்கே காற்றாலைகளில் நடந்த சோதனை என்பதால் இதை எல்லா இடத்துக்கும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. என்றாலும் ஒரு வாளி வண்ணம் இவ்வளவு செய்யக்கூடும் என்பதை அறிந்தபோது நெஞ்சு நிறைந்தது.

அதைவிட உறுதியான வழி, வேண்டிய நேரத்தில் நிறுத்துவது. ஜிப்ரால்டர் நீரிணைக்கு அருகே, தென் ஸ்பெயினில், ஐரோப்பாவிலிருந்து ஆப்பிரிக்காவுக்கு வலசை போகும் பாறுகள் காற்றாலைகளுக்கு இடையே கடக்கின்றன. கண்காணிப்பவர்கள் ஆபத்தான தொலைவில் பறவையைக் கண்டவுடன் அந்த ஒரு காற்றாலையை மட்டும் நிறுத்தச் சொல்லும் முறை அங்கே கொண்டுவரப்பட்டது. பாறுகளின் இறப்பு பாதியாகக் குறைந்தது. மின் உற்பத்தியில் ஏற்பட்ட இழப்பு 0.07 விழுக்காடு. வௌவால்களுக்கும் இதுவே பொருந்தும். அவை காற்று மெலிந்த இரவுகளில்தான் அதிகம் பறக்கின்றன. அந்த நேரத்தில் காற்றாலை தரும் மின்சாரமும் அற்பம். காற்று நொடிக்கு மூன்று, நான்கு மீட்டரை எட்டியதும் சுழலத் தொடங்குவதை மாற்றி, வலசைப் பருவத்து இரவுகளில் ஐந்து மீட்டருக்குமேல் போனால் மட்டும் சுழலவிட வேண்டும். பென்சில்வேனியாவில் 2008, 2009 ஆண்டுகளில் இதைச் செய்து பார்த்தபோது வௌவால் இறப்பு 44 முதல் 93 விழுக்காடு வரை குறைந்தது. ஆண்டு உற்பத்தியில் இழப்பு ஒரு விழுக்காட்டுக்குள் அடங்கியது. பெரும்பாலான வௌவால் இனங்கள் ஆண்டுக்கு ஒரே ஒரு குட்டி ஈனுபவை. இவ்வளவு மலிவான தீர்வு கையில் இருந்தும் பல இடங்களில் இன்னும் கடைப்பிடிக்கப்படாததைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

உங்கள் புல்வெளிப் பறவையைப் பற்றியும் ஒரு சொல். அடிபட்டுச் சாவது மட்டுமே பாதிப்பு அல்ல. மேற்குத் தொடர்ச்சி மலையின் சால்கேவாடி பீடபூமியில் நடந்து 2018இல் வெளியான ஆய்வில், காற்றாலைகள் உள்ள பகுதியில் இரைகொல்லிப் பறவைகள் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காகக் குறைந்திருந்தன. அவற்றுக்கு இரையாகும் விசிறித்தொண்டை ஓணான்களோ அங்கே பெருகியிருந்தன. மனிதன் மிக அருகில் வரும்வரை ஓடவுமில்லை. மேலே ஓர் உயிர் விலகியதும் கீழே இன்னோர் உயிரின் நடத்தையே மாறிவிடுகிறது. இதை எந்த இறப்புப் பதிவேடும் காட்டாது.


மறுமொழி 3
எழுதியவர்: தேடல்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. பூனைக் கணக்கை நானே பலமுறை மேற்கோள் காட்டியிருக்கிறேன். இனிக் காட்ட மாட்டேன். நிலம் சூடாகிறது என்பதும், அருகில் வசிப்பவர்களுக்கு ஒலியால் நோய் வருகிறது என்பதும் உண்மையா? கழற்றிய இறக்கைகள் எங்கே போகின்றன?


மறுமொழி 4
எழுதியவர்: காற்றுவழி

சூடு பற்றிய செய்தி முற்றிலும் கற்பனை அன்று, பொருள் திரிக்கப்பட்டது. இரவில் தரை குளிர்ந்து, அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து அடியில் தங்கும். அதற்கு மேலே சற்று வெப்பமான காற்று நிற்கும். சுழலும் இறக்கைகள் இவ்விரண்டையும் கலக்கிவிடுவதால் தரையருகே வெப்பநிலை கூடுகிறது. மேற்கு டெக்சாஸில் செயற்கைக்கோள் தரவுகளைக் கொண்டு செய்து 2012இல் வெளியான ஆய்வு இதைத் தெளிவாகப் பதிவுசெய்தது. அமெரிக்காவின் மின்தேவை முழுவதையும் காற்றாலையிலிருந்தே எடுத்தால் அந்நிலப்பரப்பின் வெப்பநிலை 0.24 பாகை செல்சியஸ் கூடும் என்று 2018இல் ஒரு கணிப்பும் வந்தது. ஆனால் இங்கே புதிதாக வெப்பம் பிறக்கவில்லை. இருந்த வெப்பம் இடம் மாறுகிறது. இறக்கையை நிறுத்தினால் விளைவும் நின்றுவிடும். கரியமில வாயுவோ அடுப்பை அணைத்த பின்னும் நூற்றாண்டுக் கணக்கில் வானில் தங்கிச் சூட்டைச் சேர்த்துக்கொண்டே இருக்கும்.

ஒலியைப் பிரித்துப் பார்க்க வேண்டும். காதில் விழும் அந்த அடித்தடித்து வரும் ஓசை உண்மையான தொல்லை. சீராக ஒலிக்கும் இரைச்சலைவிட ஏறி இறங்கும் ஓசை உறக்கத்தை அதிகம் கெடுக்கும். உலக நலவாழ்வு நிறுவனம் 2018இல் ஐரோப்பாவுக்கென வெளியிட்ட பரிந்துரையில், பகல், மாலை, இரவு எல்லாம் சேர்ந்த சராசரி 45 டெசிபலுக்குக் கீழே இருக்க வேண்டும் என்கிறது. காதுக்கு எட்டாத குற்றொலியால் நோய் உண்டாகிறது என்ற கூற்றை ஃபின்லாந்து அரசு ஆய்வுக்கு உட்படுத்தியது. அதனால் உடலுக்குத் தீங்கு நேர்வதற்குச் சான்று இல்லை என்பதே 2020இல் வந்த முடிவு. ஆனால் இதைச் சொல்லிக்கொண்டு, உறங்க முடியவில்லை என்பவரின் முறையீட்டையே தள்ளிவிடுவது அநியாயம். வீட்டுக்குள் விட்டுவிட்டு விழும் நிழலுக்கும் வரம்பு உண்டு; ஜெர்மனியில் ஆண்டுக்கு 30 மணி நேரம், நாளுக்கு 30 நிமிடம் என்று வைத்திருக்கிறார்கள். அதைத் தாண்டும் நேரத்தில் காற்றாலை தானே நிற்கும்படி அமைத்துவிடலாம்.


மறுமொழி 5
எழுதியவர்: அடித்தளம்

ஆயுள் முடிந்த காற்றாலைகளைப் பிரிக்கும் பணியில் இருக்கிறேன் என்பதால் கடைசிக் கேள்விக்கு நான் விடை சொல்கிறேன்.

கோபுரத்தின் எஃகு, மின்னாக்கியின் செம்பு, கியர் பெட்டியின் இரும்பு ஆகியவை உடனே மறுசுழற்சிக்குப் போய்விடுகின்றன. எடைக் கணக்கில் காற்றாலையின் 85 முதல் 90 விழுக்காடு இப்படி மீள்கிறது. சிக்கல் இறக்கைதான். அதை அறுத்துப் பார்த்தால் வெளியே கண்ணாடியிழை அடுக்குகள், நடுவே பால்சா மரம் அல்லது நுரைப்பலகை, எல்லாவற்றையும் கெட்டித்துப் பிடித்திருக்கும் எப்பாக்சி பிசின் ஆகியவை தெரியும். இந்தப் பிசின் ஒருமுறை இறுகிவிட்டால் மெழுகுபோல உருகாது. அதனால் இழையைத் தனியே பிரிப்பது கடினம். அறுக்கும்போது எழும் வெண்தூள் தோலில் பட்டால் நாள் முழுவதும் அரிக்கும். ஆகவே தண்ணீர் தெளித்துக்கொண்டும் முகமூடி அணிந்துகொண்டும்தான் அறுப்போம். நான் பணியாற்றிய ஓரிடத்தில் அந்தத் தூள் கலந்த தண்ணீரைத் தேக்கிவைக்க ஏற்பாடே செய்யாமல் ஓடைப் பக்கம் விட்டுவிட்டார்கள். வேலையை நிறுத்திவிட்டுத் தொட்டி வெட்டச் சொல்லி நாங்கள் நாள் முழுவதும் வாதாட வேண்டியிருந்தது. இத்தகைய சிறு கவனக்குறைவுகள் எந்த அறிக்கையிலும் ஏறுவதில்லை.

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் கேஸ்பர் நகரக் குப்பைக்கிடங்கில் இறக்கைகளை வரிசையாகப் புதைத்த படங்கள் மெய்யானவைதான். அவை நஞ்சைக் கசியவிடுபவை அல்ல. இடத்தை அடைத்துக்கொண்டு மக்காமல் கிடப்பவை. ஜெர்மனி போன்ற நாடுகளில் இப்படிப் புதைக்கத் தடை உண்டு. அங்கே இறக்கையை நொறுக்கிச் சிமென்ட் உலைக்கு அனுப்புகிறார்கள். பிசின் எரிபொருளாகிறது, கண்ணாடியிழை மணலுக்குப் பதிலாகிறது. இழை இழையாகவே திரும்பக் கிடைக்காததால் இதை முழுமையான மறுசுழற்சி என்று சொல்ல மனம் வரவில்லை. மென்மையான அமிலத்தில் கரையக்கூடிய பிசினைக் கொண்டு 2021 முதல் இறக்கைகள் தயாராகின்றன. அவை ஆயுள் முடிந்து எங்கள் கைக்கு வர இன்னும் இருபது ஆண்டுகள் ஆகும். அடித்தளக் கான்கிரீட்டை மேற்புறம் ஒரு மீட்டர் அளவு உடைத்து மண் மூடிவிட்டு, மீதியைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

மின்னாக்கியில் நிலைக்காந்தம் உள்ள வகைகளுக்கு நியோடிமியம் முதலிய அருமண் தனிமங்கள் தேவை. அவற்றில் பெரும்பகுதி சீனாவிலிருந்து வருகிறது. உள் மங்கோலியாவின் பாவோதோ நகருக்கு அருகே, அத்தனிமங்களைப் பிரித்தெடுத்தபின் எஞ்சும், தோரியம் கலந்த கதிரியக்கக் கழிவு பெரும் ஏரியாகத் தேங்கி நிற்கிறது. எல்லாக் காற்றாலைக்கும் இக்காந்தம் தேவையில்லை; கியர் பெட்டியோடு இயங்கும் பல நில வகைகள் இது இன்றியே இயங்குகின்றன. கடலில் நிற்பவற்றில்தான் இதன் பயன்பாடு மிகுதி.


மறுமொழி 6
எழுதியவர்: மாலைச்சிறகு

கடல் பற்றி ஒன்றும், கம்பி பற்றி ஒன்றும் விடுபட்டன.

கடலடியில் தூணை அடித்து இறக்கும்போது எழும் ஒலி, ஒலியாலேயே உலகை அறியும் கடற்பன்றி (டால்பினை ஒத்த சிறு கடல் பாலூட்டி) போன்ற உயிர்களைப் பல கிலோமீட்டர் தொலைவுக்குத் துரத்திவிடுகிறது. ஜெர்மனி 750 மீட்டர் தொலைவில் 160 டெசிபல் என்ற வரம்பை வைத்தது; அதற்காகத் தூணைச் சுற்றிக் கடலடியில் துளைக்குழாயைப் பதித்துக் காற்றுக்குமிழித் திரை எழுப்புகிறார்கள், ஒலி அதில் மோதித் தளர்கிறது. கட்டுமானம் முடிந்தபின் அதே தூண்களில் சிப்பிகள் அப்பி வளர்ந்து மீன்கள் கூடுவதும் நடக்கிறது. எனினும் செந்தொண்டை முக்குளிப்பான் போன்ற சில கடற்பறவைகள் அந்த வட்டாரத்தையே துறந்துவிடுகின்றன. அவற்றுக்குச் சிப்பி வளர்ந்ததால் ஆறுதல் இல்லை.

காற்றாலையைப் பற்றி மட்டும் பேசிவிட்டு அதன் மின்சாரத்தைச் சுமக்கும் கம்பியை மறந்துவிடுகிறோம். இராஜஸ்தானின் தார் பகுதியில் எஞ்சியிருக்கும் கானமயில்களுக்கு இன்று பெரும் எமன் உயர் அழுத்த மின்கம்பிதான். கனத்த உடலும், நேர் முன்னால் இருப்பதைச் சரியாகக் காணாத பார்வையும் கொண்ட அப்பறவை கம்பியைக் கண்டு விலகுவதற்குள் மோதிவிடுகிறது. கம்பிகளைப் புதைக்குமாறு உச்சநீதிமன்றம் 2021இல் ஆணையிட்டது; 2024இல் அதைத் தளர்த்தி வல்லுநர் குழுவிடம் ஒப்படைத்தது. இரண்டு நூற்றைக்கூட எட்டாத எண்ணிக்கையில் நிற்கும் இனத்துக்கு ஆண்டொன்றில் ஒரு சில இறப்புகளே மீள முடியாத அடி.

ஆகவே தேடல் அவர்களே, எந்தத் திட்டத்தின் அறிக்கை கையில் கிடைத்தாலும் அதில் நான் முதலில் புரட்டும் பக்கம் கரிமக் கணக்கு அன்று. கட்டுமானத்துக்கு முன் பறவைகளையும் வௌவால்களையும் எத்தனை பருவங்கள், இரவிலுமா பகலிலுமா கவனித்தார்கள், வலசைப் பாதை எந்த வழி போகிறது, எந்தக் காற்று வேகத்தில் சுழலத் தொடங்கும், ஆபத்தான நேரத்தில் நிறுத்தும் அதிகாரம் யாருக்கு, இறப்புப் பதிவேடு வெளியாருக்குக் கிடைக்குமா என்று பார்ப்பேன். ஒரே ஒரு பருவம், அதுவும் பகலில் மட்டும் கவனித்ததாக எழுதியிருந்தால், அந்த இடத்தின் வௌவால்களை இன்னும் யாரும் பார்க்கவே இல்லை என்று பொருள்.